ஏழாவது கருவி

கிளைப்பெடா துறைமுகத்தில் காற்று பெருத்த மாலைகளில்
பளுதூக்கிகள் நிற்கும். கப்பல்கள் நிற்கும்.
என் வீட்டு ரூட்டரும் கூடவே நின்றுவிடும்.
காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றான்
கடையில் நிற்கும் இக்னாஸ்.
"எத்தனை வருஷம் ஆகிறது?"
ஒன்பது.
உதட்டைப் பிதுக்கினான்,
கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்த மருத்துவர் மாதிரி.

அணைத்து, பத்து எண்ணிப் போட்டால்
எழுந்துகொள்ளும்.
எழுந்துகொள்வதை எப்படிக் குப்பையில் போட?
பத்து முப்பதானது.
முப்பது, ஒரு முட்டை வேகும் நேரமானது.
நாற்பது கொள்கலன்களின் சுங்கக் கணக்கில்
இருபத்தேழாவதில் விழுந்தது ஒரு நாள்.
மறுபடி ஒன்றிலிருந்து.

மாற்றுவது எப்போது என்பதற்கு
என்னிடம் ஒரு திட்டம் இருக்கத்தான் செய்தது:
சம்பளம் ஏறட்டும்.
கோடை வரட்டும்.
அதுவாகச் சாகட்டும்.
கோடை மட்டும் வந்தது.

பிறகு நிறுவனத்தின் கடிதம்.
இந்த மாடலுக்கு இனிமேல்
பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாதாம்.
பூட்டு தொங்குகிறது,
பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார்
என்று புரிந்துகொண்டேன்.

அன்றிரவுதான் முதன்முதலாக அதன் உள்ளே போய்ப் பார்த்தேன்.
யார் யார் வந்து போகிறார்கள் என்று ஒரு பட்டியல்.
கணினி, போன், பழைய போன்,
தொலைக்காட்சி, அச்சு இயந்திரம்,
தம்பி ரிம்விதாஸ் வரும்போது கொண்டுவரும் டேப்லெட்.
ஏழாவதற்குப் பெயர் இல்லை.
எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி.
காலை ஆறே முக்காலுக்கு வருகிறது,
அரை நிமிடம் இருக்கிறது,
போய்விடுகிறது.

ஆறே முக்காலுக்குத்தான்
மேல்மாடியில் யோகூபாஸ் நடக்கும் சத்தம் கேட்கும்.
பதினாறு வயது. எந்நேரமும் கையில் போன்.
வேறென்ன சாட்சி வேண்டும்?
அதன்பின் அவனுக்காக வாசற்கதவைப் பிடித்து நிற்கவில்லை.
அவன் வணக்கம் சொன்னால்
பையில் சாவி தேடினேன்.

கடைசியில் எண்பத்தொன்பது யூரோ.
நான்கு கொம்புகளோடு வந்தது.
செருப்பு அலமாரிக்குள் வைக்காதீர்கள்,
உயரத்தில், வீட்டின் நடுவில் என்றான் இக்னாஸ்.
பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும்
அப்படியே கொடுத்துவிடுங்கள்,
ஆள் மாறியதே எதற்கும் தெரியாது என்றான்.

தெரியட்டும் என்றுதானே மாற்றுகிறேன்.
புதுப் பெயர்.
இருபத்திரண்டு எழுத்தில் கடவுச்சொல்,
நானே மூன்று முறை தவறாக அடித்தேன்.

பழையதன் முதுகில் ஊசிமுனை போகும் ஒரு துளை.
அழுத்திப் பிடித்துப் பத்து எண்ணினேன்,
பழக்கமான பத்து.
இந்த முறையும் எழுந்துகொண்டது.
ஆனால் அதற்கு என்னைத் தெரியவில்லை.
கடை வாசலின் மின்கழிவுத் தொட்டியில்
ஒயரைச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆறே முக்கால்.
மேலே அதே காலடி,
அவசரமும் இல்லை, தவிப்பும் இல்லை.
பல் துலக்கிவிட்டு, தினமும் போல,
எடை பார்க்க ஏறி நின்றேன்.
அறுபத்தெட்டு புள்ளி நான்கு.
எண்ணுக்குக் கீழே
இதுவரை பார்த்திராத ஆரஞ்சுப் பொட்டு ஒன்று
விட்டுவிட்டு எரிந்தது,
எதையோ தேடுவது மாதிரி.

நாற்பதாவது பிறந்தநாளுக்கு
அக்கா தங்குவோலே வாங்கித் தந்த எடைப்பொறி.
அவளேதான் அதை என்னவோ செய்து தரையில் வைத்தாள்.
ஆறு வருஷமாக
ஒவ்வொரு காலையும் நான் இறங்கிய கையோடு
என் எடையை
யாரிடமோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறது.

இறங்கினேன். அது தேடிக்கொண்டே இருந்தது.
கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை.

படிக்கட்டில் யோகூபாஸ்,
சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு.
வணக்கம் என்றேன்.
கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
யாருக்கு என்று
அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.